2 அடி செடித் தொட்டிக்கு லைட்: ஃப்ளட்டா, பேட்டனா, ஆர்ஜிபியா?

சிறுவாணிக்காரன் (கோவை)

வணக்கம் மக்களே. இதுவரை மீன் மட்டும் இருந்த தொட்டியை, தண்ணீருக்குள் செடி வளர்க்கும் செடித் தொட்டியாக மாற்றப் போகிறேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம். தண்ணீர் சிறுவாணி. அடியில் மண், மேலே மணல். செடிக்குக் கரியமில வாயு கொடுக்கும் சிஓ2 சிலிண்டர் இப்போதைக்கு இல்லை, பின்னால் வாங்குவேனா என்றும் சொல்ல முடியாது.

குழப்பமெல்லாம் லைட்டில்தான். மீன் கடைக்காரர் நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு கிளிப் லைட்டைக் காட்டி, செடிக்கு இதுதான் என்கிறார். எலெக்ட்ரிக்கல் கடையில் 20 வாட் ஃப்ளட் லைட் இருக்கிறது. மச்சான், ட்யூப் லைட் மாதிரி நீளமாக வரும் 2 அடி எல்இடி பேட்டன் ரெண்டு மாட்டினால் போதும் என்கிறான். யூடியூபில் போய்ப் பார்த்தால் எல்லாரும் செல்போனில் இயக்குகிற ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல எல்இடி சேர்ந்த) லைட்டைத்தான் புகழ்கிறார்கள். அதன் விலைக்கு எனக்கு இன்னொரு தொட்டியே வந்துவிடும். பட்ஜெட் 3000 ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். எதை வாங்கலாம்?


கப்பி ராஜா

20 வாட் ஃப்ளட், 6500 கெல்வின். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். இழையை மூடிவிடலாம் :)


நிழல்வலை (மதுரை)

மூடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. என்ன செடி வைக்கப் போகிறீர்கள்? அது தெரியாமல் லைட் சொல்வது, ஆள் யாரென்று தெரியாமல் சட்டை தைப்பது மாதிரி.

சிலிண்டர் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் பாதி முடிவு அங்கேயே வந்துவிட்டது. காற்றிலிருந்து தண்ணீரில் தானாகக் கரையும் சிஓ2 லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம்தான். அடியில் மண் போட்டால் அது மக்கும்போது இன்னும் கொஞ்சம் சேரும். சிலிண்டர் வைத்த தொட்டியில் 20 முதல் 30 மில்லிகிராம் வரை ஓடும். ஆக, மேலேயிருந்து எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் உங்கள் செடி ஒரு அளவுக்கு மேல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கரிமம் இல்லாமல் சர்க்கரை எங்கிருந்து வரும்? மிச்ச வெளிச்சம் பாசிக்குப் போகும். பாசிக்குத் தேவை ரொம்பக் கம்மி, அது கிடைத்ததை வைத்துப் பிழைத்துக்கொள்ளும்.

அதனால் "எந்த லைட் பவர்ஃபுல்" என்று தேடாதீர்கள். இந்தத் தொட்டி தாங்கும் வெளிச்சம் எவ்வளவு, அதை எனக்கு வேண்டியபடி குறைக்க முடியுமா என்று பாருங்கள்.


கப்பி ராஜா

அண்ணா, எங்கள் தெருவில் ஐந்து தொட்டி ஃப்ளட்டில்தான் ஓடுகிறது, எல்லாம் காடு மாதிரி இருக்கிறது. ரொம்ப யோசிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.


சிறுவாணிக்காரன்

செடிப் பட்டியல்: அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன் (ரெண்டும் கட்டையில் கட்ட), க்ரிப்டோகோரைன் வென்டி, பின்னால் வாலிஸ்நேரியா. ஓர் ஓரத்தில் சிவப்பாக ரோட்டாலா இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. முன்னால் மான்டே கார்லோ என்ற படரும் செடியால் கம்பளம் போடலாம் என்று நினைத்தேன், மேலே படித்ததும் அந்த ஆசை கொஞ்சம் இறங்கிவிட்டது.

பழைய புத்தகம் ஒன்றில் ஒரு கேலனுக்கு 2 வாட் என்று கணக்கு இருந்தது. அது சரியா?


ஆம்பியர் (திருச்சி)

அந்தக் கணக்கு ட்யூப் லைட் காலத்தது, விட்டுவிடுங்கள். வாட் என்பது லைட் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பதற்குத்தான் கணக்கு, எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதற்கு இல்லை. ஒரே 10 வாட்டில் பழைய ட்யூப் ஒரு மாதிரி தரும், நல்ல எல்இடி அதைவிட நிறையத் தரும்.

பெட்டியில் லூமென் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஓரளவு நல்ல பேட்டன் வாட்டுக்கு 100 லூமென் தரும். 2 அடி பேட்டன் 10 வாட், அதாவது 1000 லூமென். உங்கள் தொட்டி ஏறக்குறைய 70 லிட்டர். லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் என்றால் குறைந்த வெளிச்சம், 20 முதல் 40 நடுத்தரம், 40க்கு மேல் போனால் சிலிண்டர் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஒரு பேட்டன் போட்டால் உங்களுக்கு 14, ரெண்டு போட்டால் 28. மச்சான் சொன்னது தப்பே இல்லை.

ஆனால் பேட்டன் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறும். பின்னால் வெள்ளை பெயின்ட் அடித்த மூடியோ, வளைத்த அலுமினியத் தகடோ வைத்தால்தான் அது தொட்டிக்குள் இறங்கும். இல்லையென்றால் பாதி வெளிச்சம் ஹாலுக்கு.


ஆர்ஜிபி பிரியன்

எல்லாரும் லூமென் லூமென் என்கிறீர்கள். லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையைத்தான் அதிகப் பிரகாசமாகப் பார்க்கும், சிவப்பையும் நீலத்தையும் குறைத்துத்தான் மதிப்பிடும். செடிக்கு அந்தக் கணக்கு வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் வரை வரும் ஒளித்துகள்களை எண்ணுவதுதான் பார் (PAR) கணக்கு, அதுதான் செடிக்கு. ஆர்ஜிபி லைட்டில் லூமென் கம்மியாகத் தெரியும், பார் எகிறும்.

நான் ட்வின்ஸ்டார், சிஹிரோஸ் என்ற ரெண்டு பிராண்ட் லைட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ரோட்டாலாவைப் பேட்டனுக்குக் கீழ் பார்த்துவிட்டு ஆர்ஜிபிக்குக் கீழ் பாருங்கள், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள். சிஹிரோஸில் செல்போனிலேயே காலையில் மெதுவாக ஏற்றி மாலையில் மெதுவாக இறக்கலாம். இப்போது சேமித்து ஒரே தடவையாக வாங்குங்கள்.


நிழல்வலை

லூமென், பார் வித்தியாசம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ரோட்டாலா விஷயத்தில் ரெண்டு வேறு சங்கதியை ஒன்றாக்குகிறீர்கள்.

ஒன்று, செடி உண்மையிலேயே சிவப்பாவது. அதற்கு வெளிச்சம் வலுவாக வேண்டும், நைட்ரேட் குறைவாக இருந்தால் இன்னும் சிவக்கும், சிஓ2 இருந்தால்தான் அந்த வெளிச்சத்தில் ஆரோக்கியமாகவும் இருக்கும். இன்னொன்று, இருக்கிற சிவப்பு நம் கண்ணுக்குத் தெரிவது. வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, அதனால் சிவந்த இலையும் பழுப்பாகத் தெரியும். ஆர்ஜிபி விளக்கில் தனிச் சிவப்பு எல்இடி இருப்பதால் இலை ஜொலிக்கும். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அதே இலையைப் பாருங்கள், எவ்வளவு சிவப்பு சொந்தம், எவ்வளவு கடன் என்று தெரிந்துவிடும்.

இதை ஏமாற்று என்று சொல்லவில்லை. தொட்டியை அழகாகப் பார்க்கத்தானே வளர்க்கிறோம். ஆனால் சிலிண்டர் இல்லாத தொட்டியில் ஆர்ஜிபியை வாங்கி அதை 30 சதவீதத்தில் ஓட்டுவதற்கு அவ்வளவு பணம் தேவையா என்பதுதான் கேள்வி.


ஆர்ஜிபி பிரியன்

30 சதவீதத்தில் ஓட்டினால் எல்இடி சூடாகாது, ரொம்ப நாள் உழைக்கும். நாளைக்கே சிலிண்டர் வாங்கினால் அதே லைட்டை ஏற்றிக்கொள்ளலாம். பேட்டன்காரர் அன்றைக்கு மறுபடி கடைக்கு ஓட வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.


நிழல்வலை

சரி, அது நியாயமான வாதம். சிலிண்டர் வாங்குவது உறுதி என்றால் நானும் உங்கள் பக்கம்தான்.


தோட்டத்து மீன்

ஒரு சின்ன இடைச்செருகல். நீல எல்இடிக்காக 2014இல் இயற்பியல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் அமானோ. செடித் தொட்டியை உலகம் முழுக்கப் பரப்பிய ஜப்பானியரும் அமானோ. ரொம்ப நாள் ரெண்டு பேரும் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த நண்பர்கள் எனக்கு உண்டு. நோபல்காரர் ஹிரோஷி, தொட்டிக்காரர் தகாஷி. தகாஷி அமானோ 2015இல் காலமானார். இவர் இல்லையென்றால் இந்தப் பொழுதுபோக்கு இல்லை, அவர் இல்லையென்றால் இந்த லைட் இல்லை.


மலையோடை (கண்டி)

க்ரிப்டோகோரைன் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் வைக்கப்போகிற வென்டி எங்கள் நாட்டுச் செடி, இலங்கையில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. பெக்கெட்டி, பார்வா, வாக்கெரி, எல்லாம் அப்படித்தான். தென்மேற்கு ஈரவலயத்தில் காட்டு நிழலில் ஓடுகிற ஓடைக் கரைகளில் இந்தக் குடும்பத்தைப் பார்க்கலாம். மேலே மரம் கவிந்திருக்கும், வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். அப்படி இடத்தில் பிறந்த செடிக்கு ஃப்ளட் லைட்டை நெற்றிக்கு நேரே பிடிக்க வேண்டிய தேவை இல்லை. உங்கள் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் ரெட்ரோஸ்பைராலிஸ் என்று ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், இலை நீளமாக வரும்.

இன்னொன்று. நட்ட கொஞ்ச நாளில் வென்டி இலை எல்லாம் கண்ணாடி போலாகி உருகிவிடும். பலர் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து லைட்டைக் கூட்டுகிறார்கள். அதற்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்லை. நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்த்த இலை தண்ணீருக்குள் நிற்காது, செடி அதை விட்டுவிட்டுப் புது இலை போடும். உருகின இலையை வெட்டி எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள். அந்த நேரத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் உருகின இலையின் மேல் பாசிதான் வரும்.


சிறுவாணிக்காரன்

இது தெரியாமல் இருந்திருந்தால் நிச்சயம் லைட்டைக் கூட்டியிருப்பேன். நன்றி அக்கா.

அந்தப் பார் அளவை வீட்டில் எப்படிப் பார்ப்பது? மீட்டர் விலையைப் பார்த்தேன், லைட்டைவிட அதிகம். அப்புறம், மீன் கடைக்காரர் சொன்ன நீல லைட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?


நிழல்வலை

மீட்டர் வேண்டாம். செல்போனில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒளி உணர்வி முன்பக்கம், மேலே ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன், காலித் தொட்டியில் மணல் மட்டத்தில் போனை மல்லாக்க வைத்து லைட்டைப் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு தடவை, நாலு மூலையிலும் ஒவ்வொரு தடவை. வருகிற லக்ஸை 70ஆல் வகுத்தால், 6500 கெல்வின் வெள்ளை எல்இடிக்குப் பார் ஓரளவு கிடைத்துவிடும். 2100 லக்ஸ் என்றால் 30. ஆர்ஜிபி விளக்குக்கு இந்த வகுத்தல் செல்லாது, மேலே பிரியன் சொன்ன அதே காரணம்தான்.

உங்கள் பட்டியலுக்கு மணல் மட்டத்தில் 20 முதல் 35 வரை இருந்தால் நிறைவு. அனுபியாஸுக்கு 15 போதும். கம்பளம் விரிக்க 50க்கு மேல் தேவை, அதுவும் சிலிண்டரோடு. உச்சி வெயில் 2000 வரும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றினால் அளவு ரொம்ப மாறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இந்த ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர் குடிக்கிற வெளிச்சம் கொஞ்சம்தான், பக்கக் கண்ணாடி உள்ளே இருந்து வரும் வெளிச்சத்தைத் திருப்பி உள்ளேயே அனுப்பும். கட்டையிலிருந்து தேநீர் நிறம் இறங்கினால் மட்டும் கதை மாறும்.

நீல லைட்: அது கடல் தொட்டி பவளத்துக்கான வழக்கத்திலிருந்து வந்தது. செடி அதில் சாகாது, நீலத்தையும் அது பயன்படுத்தும். ஆனால் பச்சைச் செடி நீல வெளிச்சத்தில் செத்த நிறத்தில் தெரியும். கடையில் நியான் மீன் மின்னுவதற்காக அதை மாட்டி வைத்திருப்பார்கள். கெல்வின் எண்ணும் அப்படித்தான், வெளிச்சம் நம் கண்ணுக்கு எந்தச் சாயலில் தெரிகிறது என்று மட்டும் சொல்லும். 3000 கெல்வினிலும் செடி வளரும், தொட்டிதான் மஞ்சளாகத் தெரியும். 6500 பக்கம் எடுத்தால் தண்ணீர் தெளிவாக, இலை பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான்.


கப்பி ராஜா

ஃப்ளட்டுக்கு ஆதரவாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரே இடத்திலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் மேற்பரப்பில் ஃபில்டர் கிளப்பும் அலை அப்படியே மணலில் வலைவலையாக ஆடும். கப்பி அதற்குள் நுழைந்து வெளியே வரும்போது வால் ஒரு நொடி பளிச்சென்று எரியும், அடுத்த நொடி மங்கும். பேட்டனில் அது கிடையாது, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஒரே சீராக இருக்கும்.


ஆம்பியர்

அந்த மினுமினுப்பு எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2 அடி தொட்டிக்கு ஒரு ஃப்ளட்டை நடுவில் தொங்கவிட்டால் நடுவில் கொதிக்கும், ரெண்டு ஓரமும் இருட்டு. 10 வாட் ஃப்ளட் ரெண்டு வாங்கி, நீளத்தில் கால் பங்கு, முக்கால் பங்கு இடத்தில் தொங்கவிடுவது 20 வாட் ஒன்றைவிட எவ்வளவோ மேல்.

ஃப்ளட்டில் இன்னொரு வசதி, உயரம். தண்ணீருக்கு மேல் 4 அங்குலத்தில் இருப்பதை 12 அங்குலத்துக்கு உயர்த்தினால் மணலில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும். சங்கிலியில் தொங்கவிட்டால் அதுவே உங்கள் டிம்மர்.

வாங்கும்போது கவனிக்க: விலை ரொம்ப மலிவாக இருக்கிற ஃப்ளட்டுகளில் தனி டிரைவர் இருக்காது, எல்இடி பலகையிலேயே எல்லாவற்றையும் ஒட்டியிருப்பார்கள். டிஓபி என்பார்கள். வோல்டேஜ் ஒரு தடவை எகிறினால் போச்சு. கடையிலேயே எரியவிட்டு செல்போன் கேமராவில் பாருங்கள், திரையில் கறுப்புக் கோடு ஓடினால் அந்த லைட் மினுக்குகிறது என்று அர்த்தம். வேறு எடுங்கள். மேலே ஐபி65 என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், தொட்டிக்குள் விழுந்தால் தாங்கும் என்று அர்த்தமில்லை.

யாராவது ஃபேன் ரெகுலேட்டரில் இணைத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். டிம் செய்யக்கூடியது என்று பெட்டியில் எழுதாத எல்இடியை அப்படிச் செய்தால் மினுக்கும், இல்லையென்றால் சாகும்.


மாடித்தொட்டி

இவ்வளவு கணக்கு எதற்கு? ஜன்னல் ஓரம் வையுங்கள். சூரியன் இலவசம்.


நிழல்வலை

மாடியில் டப்பில் வளர்ப்பதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன், மேலே 50 சதவீத நிழல் வலை கட்டி. என் பெயரே அங்கிருந்து வந்ததுதான். வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வெயில் பக்கவாட்டில் வரும், செடி கண்ணாடிப் பக்கம் சாயும், அந்தக் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படியும். சித்திரை மாசத்தில் தண்ணீர் சூடும் ஏறும், சூடு ஏற ஏற ஆக்சிஜன் கரைவது குறையும். முக்கியமாக, சூரியனுக்கு ஸ்விட்ச் இல்லை.


சிறுவாணிக்காரன்

எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும்? காலையில் வேலைக்குப் போய் ராத்திரிதான் வருகிறேன். நான் இருக்கும்போது லைட் எரிந்தால்தானே பார்க்க முடியும்.


ரோட்டாலா ரம்யா

சாயங்காலம் 3 மணிக்குப் போட்டு 9 மணிக்கு அணையுங்கள். செடிக்குக் காலை, மாலை தெரியாது, அளவு சரியாக இருந்தால் போதும். முதல் சில வாரம் 6 மணி நேரம் போதும், செடி புது இலை விட ஆரம்பித்ததும் 7, 8 என்று கூட்டலாம். 8க்கு மேல் உங்கள் தொட்டிக்குத் தேவையே இல்லை.

அம்புலியா வைத்திருந்தீர்கள் என்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். லைட் அணைவதற்கு முன்னாலேயே நுனி இலைகள் மொட்டு மாதிரி குவிந்துகொள்ளும். அதற்கு அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். லைட் இன்னும் எரிந்துகொண்டிருக்கும், அது தூங்கப் போயிருக்கும்.

நடுவில் இடைவேளை விடலாமா என்றும் கேட்பார்கள், நானே சொல்லிவிடுகிறேன். காலையில் 4 மணி நேரம், மதியம் 3, 4 மணி நேரம் அணைத்து வைத்து, மறுபடி மாலையில் 4 மணி நேரம். சிலிண்டர் இல்லாத மண் தொட்டியில் அந்த இடைவேளையில் சிஓ2 கொஞ்சம் மீண்டு வரும், செய்யலாம். சிலிண்டர் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.


ஆம்பியர்

டைமர் கட்டாயம் போடுங்கள். ஆனால் பல் பல்லாகச் சுற்றி இருக்கிற மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். ஒரு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும், மாதம் ஒரு தடவை ஷட் டவுன் வருகிற ஊரில் கொஞ்ச நாளில் ராத்திரி 2 மணிக்கு லைட் எரிந்துகொண்டிருக்கும், நாம் தூங்கிக்கொண்டிருப்போம். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரோ, வைஃபை பிளக்கோ வாங்குங்கள். ரெண்டு பேட்டனுக்கு ரெண்டு டைமர் போட்டால் இன்னும் நல்லது. ஒன்று முழு நேரமும், இன்னொன்று நடுவில் ரெண்டு மூன்று மணி நேரம் மட்டும்.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 20 வாட், 8 மணி நேரம் என்றால் மாதம் 5 யூனிட்டுக்கும் கீழே.


கறுப்புத்தாடி

என் தொட்டியில் கட்டை முழுக்கக் கருந்தாடிப் பாசி. லைட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், போகவில்லை. ஆக லைட்டால்தான் பாசி என்பது பொய்யா?


நிழல்வலை

பொய்யில்லை, பாசி ஒரே ஜாதி இல்லை. புதுத் தொட்டியில் வருகிற பழுப்புத் தூள் டயட்டம், அது தானாகப் போய்விடும். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் வட்ட வட்டமாக ஒட்டி, நகத்தால் சுரண்டினாலும் வராத பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது பெரும்பாலும் வெளிச்சம் அதிகம், பாஸ்பேட் குறைவு. அனுபியாஸ் இலை மாசக்கணக்கில் அப்படியே இருப்பதால் பாசிக்கு அது நல்ல குடியிருப்பு, அதனால்தான் அதை நிழலில் கட்டுகிறோம்.

உங்களுடைய கருந்தாடி செம்பாசி இனத்தைச் சேர்ந்தது. மருந்து பட்டுச் செத்தால் சிவந்து இளஞ்சிவப்பாகும், அப்போது அதன் உண்மையான நிறம் தெரியும். சிலிண்டர் வைத்திருக்கிறீர்களா? சிஓ2 ஒரு நாள் அதிகம் ஒரு நாள் குறைவு என்று ஏறி இறங்கினாலும், ஃபில்டரில் அழுக்கு சேர்ந்திருந்தாலும் அது வரும். லைட்டை மட்டும் குறைத்தால் செடி இளைக்கும், தாடி அப்படியே இருக்கும்.


கறுப்புத்தாடி

சிலிண்டர் இருக்கிறது, கையால்தான் திறந்து மூடுகிறேன். சில நாள் மறந்துவிடும்.


ரோட்டாலா ரம்யா

விடை கிடைத்துவிட்டது :) கரண்டில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு வாங்கி அதற்குத் தனி டைமர் போட்டு விடுங்கள், லைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் திறக்கிற மாதிரி. மேற்கொண்டு தனி இழையில் பேசலாம், இது தம்பியின் இழை.


சிறுவாணிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. முடிவு இதுதான்: கம்பளம் கிடையாது. ரோட்டாலா வேண்டுமானால் பச்சையாக இருந்துவிட்டுப் போகட்டும், ஓரத்தில் ஒரு கொத்து. 2 அடி பேட்டன் ரெண்டு, அலுமினியத் தகட்டு மூடி, டிஜிட்டல் டைமர் ரெண்டு. முதலில் ஒரு பேட்டன் மட்டும் 6 மணி நேரம். மொத்தச் செலவு பட்ஜெட்டுக்குள் அடங்குகிறது.

கடைசியாக ரெண்டு சந்தேகம். மேலே கண்ணாடி மூடி இருக்கிறது, எடுக்க வேண்டுமா? வெளிச்சம் கம்மியா அதிகமா என்று செடியைப் பார்த்தே சொல்ல முடியுமா?


மலையோடை

முதலாவது: மூடி இருக்கட்டும், மீன் பாயாது. வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். உங்கள் தண்ணீர் மென்மை, கறை அவ்வளவாகப் படியாது. கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் பாவிக்கிறவர்கள் மூடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கறை தடித்துக் கிடப்பதைக் கவனிக்காமல் லைட் பழுதாகிவிட்டது என்று கதைப்பார்கள். வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

மென்தண்ணீரில் ஒன்று கவனியுங்கள். வாலிஸ்நேரியா பைகார்பனேட்டிலிருந்தும் கரிமம் எடுக்கும், அதனால் வன்தண்ணீரில்தான் அது ஓடி ஓடிப் பரவும். உங்களிடம் மெதுவாக வந்தால் லைட்டைக் குறை சொல்லாதீர்கள்.


நிழல்வலை

ரெண்டாவதுக்கு நான் சொல்கிறேன். ரோட்டாலாவைப் பாருங்கள், அதுதான் உங்கள் மீட்டர். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, கீழ் இலை உதிர்ந்து, தண்டு மொட்டையாக மேலே ஓடினால் வெளிச்சம் போதவில்லை. அப்போது ரெண்டாவது பேட்டனை நடுவில் ரெண்டு மணி நேரம் சேருங்கள். கணு நெருங்கி, செடி பக்கவாட்டில் படர்ந்தால் அளவு சரி. கண்ணாடியை வாரம் ஒருமுறைக்கு மேல் துடைக்க வேண்டி வந்தால் அதிகம். எதை மாற்றினாலும் ரெண்டு வாரம் பொறுங்கள், பழைய இலை தேறாது, புது இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரெண்டாவது பேட்டன் போட்ட பிறகு பாசி வந்தால் அணைக்கவும் வேண்டாம், நாலு ஆகாயத்தாமரைக் குட்டியை மேலே மிதக்க விடுங்கள். அதற்கு சிஓ2 காற்றிலிருந்தே கிடைக்கும், உரத்தையும் இழுக்கும், நிழலும் தரும். மூடிக்கு அடியில் இலை ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீரை ரெண்டு அங்குலம் குறைத்து வையுங்கள்.


ஆர்ஜிபி பிரியன்

சிலிண்டர் வாங்குகிற அன்றைக்கு எனக்கு ஒரு தனிமடல் போடுங்கள் :)


ஆம்பியர்

மாட்டும்போது வயரை நேராகப் பிளக்குக்குக் கொண்டு போகாதீர்கள். பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், வயரில் வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. வீட்டில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா என்று மெயின் போர்டைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் பேட்டனுக்கு முன்னால் அதை மாட்டுங்கள். தகட்டு மூடிக்கு எர்த் கொடுக்க மறக்க வேண்டாம். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் லைட், ஃபில்டர், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.


புதுவரவு

எனக்கு 4 அடி தொட்டி, 2 அடி உயரம். இதே பேட்டன் ரெண்டு போதுமா?


ரோட்டாலா ரம்யா

போதாது. ஆழம் 2 அடி என்றால் கதையே வேறு. செடிப் பட்டியலோடு புது இழை தொடங்குங்கள், வருகிறோம்.